குறிசுடத் தொடங்குபவருக்கு எந்தக் கைத்துப்பாக்கி?

பாரிஸ் ஒலிம்பிக்கில் (2024) மனு பாக்கர் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெண்கலம் வென்றதிலிருந்து, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்து மாணவர் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. ஓசை பெரிதானால் துப்பாக்கியும் உயர்ந்தது என்பது அவர்கள் எண்ணம்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். .22 ரகத் தோட்டாவின் குண்டு 2.6 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 320 மீட்டர். காற்றுத் துப்பாக்கியின் 4.5 மி.மீ. ஈயக்குண்டு அரை கிராம். வேகம் சுமார் 150 மீட்டர். நிறையை வேகத்தால் பெருக்கினால், முன்னதன் உந்தம் பதினொரு மடங்கு. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி கைக்குக் கிடைக்கும் உதையும் ஏறக்குறைய அப்படியே. (வெடிமருந்து வாயுவின் பங்கு வேறு.) உதை வருமென்று அஞ்சி விசையை வெடுக்கென்று இழுப்பதே புதியவரைக் கெடுப்பது.

அப்படி இழுத்தால் என்ன ஆகும்? முன், பின் குறிமுனைகளுக்கிடையே 35 செ.மீ. தூரம் என்று கொள்வோம். முன்முனை 0.2 மி.மீ., அதாவது இரண்டு தாள் கனம், விலகினால் 10 மீட்டரில் குண்டு 5.7 மி.மீ. தள்ளிப் படும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ 11.5 மி.மீ.தான்!

ஆகவே முதலில் காற்றுத் துப்பாக்கியே தகும். 4.5 மி.மீ.க்கும் 20 ஜூலுக்கும் மிகாதவற்றுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. நம் கணக்கில் வருவது 6 ஜூலுக்கும் குறைவே. .22 வாங்க உரிமம் வேண்டும். வாங்குமுன், கைப்பிடி உள்ளங்கையில் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று பிடித்துப் பாருங்கள்.