வார்ஹாமர் நாவல்கள்: எதில் தொடங்குவது?

கம்ப்யூட்டர் வாங்கிய சில நாட்களிலேயே வீட்டுப் பிள்ளைகள் "டான் ஆப் வார்" போன்ற கேம் ஒன்றை இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். அடுத்து, "இதற்கு நாவல்களும் உண்டாமே, எதை வாங்குவது?" என்று கேட்கிறார்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொல்வதை இங்கே தருகிறேன்.

பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் 1987ல் வெளியிட்ட விளையாட்டு "வார்ஹாமர் 40,000". மேஜை மீது சிறு பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு இது. 2004ல் வந்த டான் ஆப் வார், இதே உலகத்தில் நடக்கும் கம்ப்யூட்டர் கேம். நாவல்களை இந்நிறுவனத்தின் பிளாக் லைப்ரரி பதிப்பகம் வெளியிடுகிறது.

பொன்னியின் செல்வனை முதல் பாகத்திலிருந்துதான் படிக்க வேண்டும். "என் இனிய இயந்திரா" முடித்த பின்தான் "மீண்டும் ஜீனோ". இங்கே அப்படி ஒரே வரிசை கிடையாது. ஒரே உலகத்தில் நடக்கும் தனித்தனித் தொடர்கள் இவை.

கதைப்படி மிகவும் முந்தையது என்பதால் பலர் "ஹோரஸ் ஹெரசி" தொடரைத் தேடுகிறார்கள். 2006ல் தொடங்கிய இது 54 நூல்கள் கொண்டது. இறுதிப் போரைச் சொல்லும் துணைத் தொடர் 2024ல்தான் முடிந்தது. ஒரு நூலின் விலையை 54 ஆல் பெருக்கிப் பாருங்கள்! ஆசை இருந்தால் முதல் மூன்று நூல்களோடு நிறுத்திக் கொள்ளலாம்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது டான் ஆப்நெட் எழுதிய "ஜீனோஸ்" (2001). ஐசன்ஹார்ன் என்ற விசாரணை அதிகாரி தானே சொல்லும் கதை. துப்பறியும் நாவல் போலச் செல்வதால் ஆங்கிலம் சற்றுத் தடுமாறினாலும் கதை பிடிபடும். போர்க்களம் பிடிக்கும் என்றால், இவரே எழுதிய "கான்ட்ஸ் கோஸ்ட்ஸ்" தொடரின் முதல் நூலான "பர்ஸ்ட் அண்ட் ஒன்லி" (1999). சிரிக்க வேண்டுமா? சாண்டி மிட்செல் எழுதிய "பார் தி எம்பரர்" (2003).

வாங்கும் முன் இ-புக் கடைகளில் இலவச மாதிரிப் பக்கங்கள் இருந்தால் படித்துப் பாருங்கள். இபப் வகை பைல்களைத் திறக்க, இந்தியரான கோவிட் கோயல் உருவாக்கிய "காலிபர்" என்ற இலவச சாப்ட்வேர் போதும். எழுத்துக்களைப் பெரிதாக்கியும் படிக்கலாம். கடைக்காரர் பூட்டுப் போட்டுத் தரும் பைலை மட்டும் அவர்கள் தரும் புரோகிராமில்தான் திறக்க முடியும்.

"முழுத் தொடரும் இலவசம்" என்று அழைக்கும் தளங்கள் பக்கம் போக வேண்டாம். நாவல் என்று சொல்லி இஎக்ஸ்இ பைல் இறங்கினால் அதில் கிளிக் செய்யாமல் உடனே அழித்துவிடுங்கள். வைரஸ் புகுந்தால் நாவலின் விலையைவிட சர்வீஸ் செலவு அதிகமாகிவிடும்.

முதலில் ஒரே ஒரு நூலை வாங்குங்கள். அதை முடித்த பிறகு அடுத்ததற்குப் பணம் எடுங்கள்.