பந்து போன பிறகு 'கிளிக்' பண்றீங்களா? விளையாட்டு போட்டோ பழகுபவர்களுக்கு எளிய வழிகள்

சென்னை, அபிராமபுரம்:

சாயங்காலம் 4 மணி ஆகிவிட்டால் போதும். அபிராமபுரம், மந்தைவெளி பக்கம் பசங்க மட்டையும் டென்னிஸ் பந்துமாக கிளம்பி விடுவார்கள். அவர்கள் பின்னாலேயே, சொந்தக்காரரிடம் இரவல் வாங்கிய கேமராவோடு ஒரு இளைஞரும் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

200 படம் எடுக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றில் கை மட்டும் இருக்கிறது. இன்னொன்றில் பந்தையே காணோம். மீதி எல்லாம் புகை மூட்டம். 'நமக்கு இது சரிப்பட்டு வராது' என்று கேமராவை பைக்குள் போட்டு மூடி விடுகிறார்.

ஆசையாக ஆரம்பிக்கும் பல பேர் இந்த இடத்தில்தான் நின்று விடுகிறார்கள். கேமரா மட்டம், லென்ஸ் மட்டம் என்று நினைக்கிறார்கள். உண்மையான காரணம் வேறு.

கால் விநாடி கணக்கு

கண் ஒன்றை பார்த்து, மூளைக்கு சேதி போய், விரல் பட்டனை அமுக்க சுமார் கால் விநாடி ஆகிறது. மணிக்கு 120 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்த கால் விநாடியில் 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பிட்ச்சின் நீளமே சுமார் 20 மீட்டர்தான். 'ஆஹா, அடிச்சிட்டான்' என்று பார்த்த பிறகு அமுக்கினால் படத்தில் பந்து எப்படி இருக்கும்?

அதனால் நடப்பதற்கு முன்பே அமுக்க பழக வேண்டும். பவுலர் கை மேலே போகும்போதே விரல் தயாராக இருக்க வேண்டும். பேட்ஸ்மேன் கால் முன்னால் வந்தால் டிரைவ், பின்னால் போனால் கட் அல்லது புல். ஆட்டம் தெரிந்தவனுக்கு இது தானாக வரும். தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த நம்ம பசங்களுக்கு பாதி பாடம் ஏற்கனவே தெரியும்!

ஒரே ஒரு பிளேட்!

1960-ம் ஆண்டு டிசம்பரில் பிரிஸ்பேன் நகரில் ஆஸ்திரேலியா - வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட் நடந்தது. கடைசி நேரத்தில் 'தி ஏஜ்' பத்திரிகையின் போட்டோகிராபர் ரான் லோவிட்டிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிளேட். அவசரப்படாமல் காத்திருந்தார். ஜோ சாலமன் எறிந்த பந்து ஸ்டம்பில் பட்டு மெக்கிஃப் ரன்-அவுட் ஆனார். ஆட்டம் 'டை'! டெஸ்ட் வரலாற்றில் அதுவே முதல் டை. அந்த நொடியை லோவிட் பிடித்த படம் இன்று வரை பேசப்படுகிறது.

இரண்டாவது டை நடந்தது நம்ம சேப்பாக்கத்தில். 1986 செப்டம்பர் 22. இந்தியாவுக்கு இலக்கு 348 ரன். கடைசி ஓவரில் ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்து ஸ்கோரை சமன் செய்தார். கிரெக் மேத்யூஸ் போட்ட 5-வது பந்தில் மனிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. இந்தியா 347. அந்த கடைசி விக்கெட் மாலா முகர்ஜியின் கேமராவில் பதிவானது. 5 நாள் வெயிலில் நடந்த ஆட்டத்துக்கு அந்த ஒரு நொடிதான் சாட்சி.

இப்போது செல்போனில்கூட தொடர்ச்சியாக 20, 30 படம் எடுக்கலாம். அது நல்ல வசதிதான். ஆனால் பட்டனை எப்போது அமுக்க ஆரம்பிப்பது என்பதை அந்த மெஷின் சொல்லித் தராது.

வேகம் எவ்வளவு?

ஷட்டர் வேகம் என்பது கேமரா கண் திறந்து மூடும் நேரம். 60-ல் ஒரு பங்கு விநாடி திறந்திருந்தால், அதே பந்து படத்துக்குள் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்து விடும். அதுதான் அந்த புகை மூட்டம். 1000-ல் ஒரு பங்கு விநாடி வைத்தால் நகர்வது 3 சென்டி மீட்டர் சொச்சம்தான். எனவே கிரிக்கெட், கால்பந்துக்கு 1000-ல் வைத்து ஆரம்பிக்கலாம். இருட்டிக்கொண்டு வந்தால் ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி விழும், பரவாயில்லை. புள்ளி விழுந்த படத்தை வைத்துக்கொள்ளலாம். கலங்கிய படத்தை என்ன செய்ய முடியும்?

ஃபோகஸ், ஓடுகிற ஆளை தொடரும்படி இருக்கட்டும். கேனானில் இதை 'ஏ.ஐ. செர்வோ' என்றும், நிக்கானில் 'ஏ.எஃப்.-சி' என்றும் சொல்வார்கள். செல்போன் வைத்திருப்பவர்கள் கிரீஸ் பக்கம் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸை பூட்டிவிட்டு, ஆள் அங்கே வரும் வரை காத்திருக்கலாம்.

எங்கே நிற்பது?

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் ஆடுபவர் முகத்தில் வெளிச்சம் விழும். நின்றபடி எடுக்காமல் முட்டி போட்டு எடுத்துப் பாருங்கள். சின்னப் பையன் தாவினாலும் வானத்தில் பறக்கிற மாதிரி தெரியும்.

பெரிய ஸ்டேடியத்துக்குள் போக அனுமதி அட்டை வேண்டும். பழகுவதற்கு அது தேவையே இல்லை. மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் கலங்கரை விளக்கம் ஸ்டேஷன் பக்கம்தான். இறங்கி நடந்தால் மெரினா மணலில் கிரிக்கெட் நடக்கும். தி.நகர் சோமசுந்தரம் மைதானத்திலும் பசங்க ஆடிக்கொண்டே இருப்பார்கள். கடற்கரையில் உப்புக் காற்று லென்ஸில் படியும். சுத்தமான மெல்லிய துணியால் துடைப்பது நல்லது. மணலில் லென்ஸை கழற்றி மாட்டவே கூடாது.

கூச்சம் போக என்ன வழி?

'யாராவது விரட்டி விடுவாங்களோ' என்ற பயம்தான் புதியவர்களை பாதி கொல்கிறது. இதற்கு மருந்து ஒன்றுதான். ஒரே மைதானத்துக்கு, ஒரே நேரத்துக்கு, வாரா வாரம் போங்கள். முதல் நாள் கேமராவை வெளியே எடுக்காமல் ஆட்டத்தை மட்டும் பாருங்கள். கேப்டனிடம் 'தம்பி, பழகறதுக்கு படம் எடுக்கலாமா?' என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் பெற்றோரிடமோ கோச்சிடமோ கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் எடுத்து நெட்டில் போடுவது தப்பு.

அடுத்த வாரம் நாலு படத்தை பிரிண்ட் போட்டு கொண்டுபோய் கொடுங்கள். அதற்கு அடுத்த வாரம், 'அண்ணே, இந்தப் பக்கம் நில்லுங்க, நல்லா விழும்' என்று அவர்களே இடம் காட்டுவார்கள்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம். இன்று பவுலர் கை மட்டும், நாளை கேட்ச் மட்டும், மறுநாள் விக்கெட் விழுந்த பிறகு முகங்கள் மட்டும். 200-ல் 3 தேறினால் அது தோல்வி கிடையாது. அந்த 3 எப்படி விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த முறை 5 தேறும். நம்பிக்கை இப்படித்தான் வளரும்.

பெரிய வீரர்களை எடுக்க ஆயிரம் கேமரா இருக்கிறது. கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து மாலையில் பந்து போடும் பையனை எடுக்க யார் இருக்கிறார்கள்? நாளைக்கு அவன் ஆட்டத்தை விட்டுவிட்டு குடும்பம், வேலை என்று போகலாம். அப்போது, 'அப்பா ஒரு காலத்துல இப்படி பவுலிங் போட்டேன்டா' என்று பிள்ளைக்கு காட்ட அவனிடம் இருக்கப் போவது நீங்கள் எடுத்த அந்த ஒரு படமாக இருக்கலாம்.

பைக்குள் போட்ட கேமராவை வெளியே எடுங்க. சாயங்காலம் 4 மணிக்கு ஆட்டம் ஆரம்பம்!