உங்களுக்குத் தெரியுமா? கல்லூரியைத் தாண்டிய வானொலிகள்

● அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், உப்சாலா கல்லூரியில் 1958-இல் தொடங்கிய வானொலி டபிள்யூ.எஃப்.எம்.யூ. பண நெருக்கடியில் 1995-இல் கல்லூரிக்குப் பூட்டு விழுந்தது, வானொலிக்கு விழவில்லை. ஆரிக்கிள் கம்யூனிகேஷன்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு, கல்லூரி மூடும் முன்பே ஒலிபரப்பு உரிமத்தை வாங்கிவிட்டது.

● இந்த வானொலியில் விளம்பரம் கிடையாது. ஆண்டுதோறும் நேயர்களிடமே நிதி திரட்டுகிறார்கள். 1998-இல் ஜெர்சி சிட்டியில் சொந்த இடத்துக்குக் குடிபோனதும் நேயர்கள் கொடுத்த பணத்தில்தான். என்ன பாட்டு போடுவது என்பதை நிகழ்ச்சி நடத்துபவரே முடிவு செய்கிறார்; நிர்வாகம் பட்டியல் எதையும் நீட்டுவதில்லை.

● எல்லா நிலையத்துக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. 2011 ஜனவரி 18, காலை 10 மணி. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் கே.யூ.எஸ்.எஃப். வானொலியில் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலிபரப்பு நின்றது. உரிமத்தை 37.5 லட்சம் டாலருக்கு விற்கப் பல்கலைக்கழகம் ஒப்பந்தம் போட்டிருந்தது. நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த தன்னார்வலர்களுக்கே அப்போதுதான் விஷயம் தெரிந்தது!

● அவர்கள் சோர்ந்துவிடவில்லை. முதலில் இணையத்தில் ஒலிபரப்பினார்கள். பிறகு கே.எக்ஸ்.எஸ்.எஃப். என்ற குறைந்த திறன் எஃப்.எம். நிலையத்தின் மூலம் வானொலிப் பெட்டிக்குள் மறுபடி நுழைந்தார்கள். அமெரிக்காவில் இத்தகைய நிலையத்துக்கு உச்சவரம்பு 100 வாட். சுமார் ஐந்தரை கிலோமீட்டர் தூரத்துக்குத்தான் கேட்கும்.

● ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக வளாகத்தில் 1975 டிசம்பர் 8 அன்று பிறந்தது ஃபோர் டிரிபிள் இசட். 1988 டிசம்பரில் மாணவர் சங்க நிர்வாகிகளே அதை வெளியேற்ற முயன்றார்கள். வளாகத்தை விட்டு வந்த வானொலி, 1992-இல் சொந்தக் கட்டடம் வாங்கியது. விற்றவர்கள் யார் தெரியுமா? ஆஸ்திரேலியக் கம்யூனிஸ்ட் கட்சி!

● மெல்போர்னின் டிரிபிள் ஆர், 1976-இல் ஆர்.எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தின் கல்வி உரிமத்தில் ஒலிக்கத் தொடங்கி, 1979-இல் ஃபிட்ஸ்ராய் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. இன்று அதைத் தாங்குவது சந்தாதாரர்கள். வீட்டு நாய், பூனை பெயரிலும் சந்தா கட்டலாம்.

● இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி நம் சென்னையில் உள்ளது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. அப்போது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி. தொண்டு நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது 2006-இல்தான்.

● அந்த 2006 விதிகளின்படி, சமுதாய வானொலி அனுமதியை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. கல்லூரியிலிருந்து பிரிந்து தனியாக நடத்த விரும்பும் குழு புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் அந்த அமைப்பு பதிவாகிக் குறைந்தது 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்; உள்ளூர் மக்களுக்காக வேலை செய்திருக்கவும் வேண்டும்.