ஷெல்ஃப் அடுக்குகிறவர் யாருடைய ஆள்?

செமஸ்டர் லீவ் நெருங்கினால் நம்ம கிளாஸ் குரூப்களில் ஒரு மெசேஜ் தவறாமல் சுற்றும். "மெர்ச்சண்டைசர் தேவை. ஃப்ரீலான்ஸ். விசிட்டுக்கு 110 ரூபாய், ஒரு நாளைக்கு 5 விசிட். ஸ்மார்ட்போன், டூவீலர் கட்டாயம்." ஒரு விசிட் 40 நிமிஷம் என்று கீழே போட்டிருப்பார்கள். நாமதான் இன்ஜினியர் ஆச்சே, உடனே மனக்கணக்கு ஓடும். 200 நிமிஷத்துக்கு 550 ரூபாய், அப்போ மணிக்கு 165. கேட்டரிங் வேலைக்குப் போறதைவிட நல்லா இருக்கே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. டிசம்பர் லீவில் 22 நாள் திருச்சியில் இந்த வேலையைப் பார்த்தேன். அடுத்த லீவுக்கு அந்த மெசேஜ் உங்களுக்கு வரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கட்டும், அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், இது என்ன வேலை? காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு மளிகைக் கடைக்குப் போய் "அண்ணாச்சி, ஒரு டூத்பேஸ்ட்" என்று கேளுங்க. எந்த பிராண்ட் உங்க கைக்கு வரும் என்பதை முடிவு பண்ணுவது அண்ணாச்சிதான். கம்பெனிக்காரர் அவரைக் கவனித்துக்கொண்டால் போதும். 1916 செப்டம்பரில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்று ஒரு கடை திறந்தார். வாங்க வருபவரே கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்து, வேண்டியதை எடுத்து, வெளியே வரும்போது காசு கொடுக்கலாம். அன்றிலிருந்து அண்ணாச்சி செய்த வேலையை ஷெல்ஃப் செய்ய வேண்டியதாயிற்று. நம்ம பக்கம் இந்த மாதிரி செயின் கடைகள் பரவியது ரொம்பப் பிறகு. சென்னையில் ஃபுட்வேர்ல்ட் வந்தது 1996இல்.

ஷெல்ஃப் தானாகப் பேசாது இல்லையா, அதைப் பேச வைக்கிற ஆள்தான் மெர்ச்சண்டைசர். எந்தத் தட்டில், எந்த சோப்பு, எத்தனை வரிசை முன்னால் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு படம் இருக்கும். அதன் பேர் பிளானோகிராம். முன்னால் தெரிகிற ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு ஃபேசிங். கண் மட்டத்தில் இருக்கும் தட்டுக்குத்தான் மவுசு, அதனால் அதற்குத்தான் சண்டை. சீக்கிரம் காலாவதி ஆகிறது முன்னால், புதுசு பின்னால். பக்கத்து பிராண்ட்காரர் நம்ம இடத்தில் இரண்டு ஃபேசிங் தள்ளி வைத்திருந்தால் பேசி வாங்க வேண்டும். உடைந்தது, நசுங்கியது எல்லாம் தனியாக எடுத்து டேமேஜ் கணக்கில் எழுத வேண்டும். கடைசியில் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். கஷ்டமான வேலையே இல்லை. உண்மையைச் சொன்னால், அலங்கோலமாகக் கிடந்த ஒரு பிஸ்கட் ரேக்கை நேராக்கிவிட்டு இரண்டடி பின்னால் நின்று பார்க்கும்போது, லேபில் புரோகிராம் முதல் தடவையே ஓடின மாதிரி ஒரு சந்தோஷம் இருக்கும்.

தொல்லை எல்லாம் அந்த ரேக்குக்கு வெளியே இருக்கிறது. பொருள் ஒரு பிராண்ட் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனி இந்த வேலையை ஒரு ஏஜென்சிக்குக் கொடுக்கிறது. ஏஜென்சி ஊர் ஊருக்கு ஒரு கோஆர்டினேட்டரைப் பிடிக்கிறது. அவர் உங்களைப் பிடிக்கிறார். வேலை நடக்கிற கடை இந்த நாலு பேரில் யாருக்கும் சொந்தமில்லை. இதை ஒரு பேப்பரில் படமாகப் போட்டுப் பாருங்க. உங்களை நோக்கி எல்லாப் பக்கமிருந்தும் அம்புக்குறி வரும். உங்களிடமிருந்து வெளியே போகிற அம்புக்குறி ஒன்றுகூட இருக்காது.

உதாரணம், என்னுடைய மூன்றாவது நாள். கடையின் பின்வாசலில் செக்யூரிட்டி அண்ணன் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிவிட்டு கையை நீட்டினார்.

"போனைக் குடுத்துட்டுப் போ தம்பி."

"அண்ணே, உள்ள போட்டோ எடுத்தாதாண்ணே எனக்குக் காசு."

"உள்ள போட்டோ எடுத்தா எனக்கு வேலை போயிரும். இன்சார்ஜ் சார் வரட்டும், கேட்டுக்க."

இன்சார்ஜ் சார் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கடையின் விதி, வெளியாள் உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. ஏஜென்சியின் விதி, கடைக்குள் நின்று லொகேஷனோடு போட்டோ எடுக்காவிட்டால் விசிட் நடக்கவே இல்லை. இரண்டுமே அவரவர் பக்கம் நியாயமான விதிதான். இரண்டையும் எழுதினவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதே இல்லை, நடுவில் நிற்கிறது நாம். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் காசு தரவில்லை. வேலை நேரம் 40 நிமிஷம் என்று மெசேஜில் இருந்ததே, அது இன்சார்ஜ் சார் வந்த பிறகு ஆரம்பிக்கிற 40 நிமிஷம்.

உள்ளே போனால் அடுத்த கதை. ரேக் காலி. ஆப்பில் ஒரு சிவப்புக் கட்டம். கடை கம்ப்யூட்டரில் பார்த்தால் 14 பாக்கெட் இருக்கு என்று காட்டுகிறது. கம்ப்யூட்டரில் ஸ்டாக் இருப்பதால் புது ஆர்டர் போகாது. ரேக்கில் இல்லாததால் விற்காது. விற்காததால் கம்ப்யூட்டர் எண்ணிக்கையும் குறையாது. இன்வென்டரி மேனேஜ்மென்ட் எலக்டிவ் எடுத்தவர்களுக்கு இது புரியும்: தன்னைத்தானே திருத்திக்கொள்ளவே முடியாத ஒரு லூப். அந்த 14 எங்கே? குடோனில் வேறு ஏதோ அட்டைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கலாம், திருடு போயிருக்கலாம், பில் போடும்போது வேறு ஃப்ளேவரை ஸ்கேன் பண்ணியிருக்கலாம். நம்ம ஊர்க் கடையின் சோம்பேறித்தனம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். நிக்கோல் டிஹொரேஷியஸ், அனந்த் ராமன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 ஸ்டாக் பதிவுகளை எடுத்துச் சரிபார்த்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் 65 சதவீதப் பதிவுகள் தப்பு. ஆக இது உலகப் பொதுவான வியாதி. ஆனால் அந்த வியாதிக்கு என் 110 ரூபாய் அபராதம் ஆனது. "ஷெல்ஃப் எம்ப்டி, விசிட் ரிஜெக்டட்."

யாரிடம் கேட்பது? கடை இன்சார்ஜ், "நீ எங்க ஸ்டாஃப் இல்லையேப்பா" என்றார். பிராண்டின் சேல்ஸ் ஆபீசர், "ஏஜென்சிகிட்ட பேசிக்கங்க" என்றார். கோஆர்டினேட்டர், "கிளையன்ட் சைடுல ரிஜெக்ட் ஆயிருக்கு தம்பி, நான் என்ன பண்ண?" என்றார். குடோனுக்குள் போய் நானே தேட எனக்கு அனுமதி கிடையாது. ஆனால் வேறு கம்பெனியின் எண்ணெய் டின் அட்டைப்பெட்டி எட்டு இறக்க ஆள் வேண்டும் என்றபோது மட்டும் "தம்பி, ஒரு கை குடு" என்று அதே குடோனுக்குள் கூப்பிட்டார்கள்.

இனி ரூட். நமக்கெல்லாம் டிராவலிங் சேல்ஸ்மேன் பிராப்ளம் அல்காரிதம் பேப்பரில் வந்த ஒரு கேள்வி. எங்க ஏஜென்சிக்கு அது வந்ததே இல்லை போல. முதல் வாரம் எனக்கு வந்த வரிசை: ஸ்ரீரங்கம், கே.கே.நகர், உறையூர், காட்டூர், கருமண்டபம். அந்த வரிசையில்தான் ஆப் செக்-இன் எடுக்கும். திருவெறும்பூரிலிருந்து கிளம்புகிறவன் காட்டூரைத் தாண்டித்தான் ஊருக்குள்ளேயே போக முடியும், அந்தக் காட்டூர் நாலாவது. எங்கேயோ உட்கார்ந்து மேப் பார்த்தவருக்குக் காவிரி ஒரு நீலக் கோடு. பால்பண்ணையில் காலை ஒன்பது மணிக்கு நிற்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. பகல்பத்து, ராப்பத்து சமயத்தில் ஸ்ரீரங்கத்துக்குள் பைக் எங்கே வரைக்கும் விடுவார்கள் என்பதும் தெரியாது.

இப்போ கணக்கை மறுபடி போடுவோம். காலை ஒன்பதுக்குக் கிளம்பி இரவு ஏழுக்கு வீடு. பத்து மணி நேரம். 550இல் பெட்ரோல் 90, சாப்பாடு 60 போனால் 400. மணிக்கு 40 ரூபாய். ஒரு விசிட் ரிஜெக்ட் ஆனால் 290, மணிக்கு 29. மணிக்கு 165 என்று ஆரம்பித்தோம், ஞாபகம் இருக்கா?

எனக்கு இது லீவ் வேலை. பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வந்து பிளேஸ்மெண்டுக்கு ஆப்டிட்யூட் போடலாம், போட்டேன். அரியமங்கலத்திலிருந்து வருகிற ஒரு அக்காவுக்கு அப்படி இல்லை. ஆறு வருஷமாக இதுதான் அவங்க குடும்ப வருமானம். மூன்று ஏஜென்சி மாறிவிட்டது, அக்கா அதே கடைகளில் அதே ரேக்கை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அவங்கதான். சர்க்கரை ரேக்கைத் தினமும் கீழ்த்தட்டிலிருந்து பார்க்கணும் என்பது உட்பட. (எறும்பு. ஊர் பேரிலேயே வைத்திருக்கிறோம், தேவர்களே எறும்பாக மாறி மலை ஏறின ஊர், எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?) ஒரு நாள் மதியம் கால் வலி தாங்காமல் பில் கவுன்டர் பக்கம் இருந்த ஸ்டூலில் அக்கா உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் வந்து, "அது ஸ்டாஃபுக்குங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அக்கா எழுந்துவிட்டார்கள்.

அந்த ஸ்டூல் சும்மா வந்ததில்லை. ஜவுளிக் கடைகளில் நாள் பூரா நிற்கிறவர்களின் பாட்டை 2010இல் வந்த 'அங்காடித் தெரு' படத்தில் பார்த்திருப்பீங்க. கேரளா 2018இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்துச் சட்டம் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் தன் 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். நல்ல சட்டம். அக்கா "ஊழியர்" என்ற சொல்லுக்குள் வருகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டிருக்கும் காகிதத்தில் "சுயாதீன சேவை வழங்குநர்" என்று அர்த்தம் வரும் ஒரு ஆங்கிலச் சொல் இருக்கிறது. நான் இங்கிலீஷ் மீடியம், எனக்கே இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது.

சம்பளத்திலும் இதே முடிச்சு. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை நிறுவனம் தர வேண்டும் என்பது 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. ஆனால் காகிதத்தில் நீங்க தொழிலாளியே இல்லை என்றால் அதைக் கையில் எடுப்பதற்கு முன்னாடி "நான் தொழிலாளிதான்" என்று நிரூபிக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 15 அன்று முதல்வர் கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அறிவித்தார். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நம்ம மனசில் வருவது உணவு டெலிவரி, டாக்ஸி ஓட்டுகிறவர்கள்தான். ரேக் அடுக்குகிற அக்காவும் ஆப்பில்தான் செக்-இன் பண்ணுகிறார், ஆனால் அவரை யாரும் ரோட்டில் கலர் டீஷர்ட்டில் பார்ப்பதில்லை.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் நீங்க போகலாம். போகாதீங்க என்று நான் சொல்ல மாட்டேன், பாக்கெட் மணி எல்லோருக்கும் தேவை. போவதற்கு முன்னாடி கோஆர்டினேட்டரிடம் போனில் பேசி முடிக்காமல் மெசேஜிலேயே கேளுங்க. எழுத்தில் இருக்கட்டும். கடைக்காரர் உள்ளே விடாவிட்டால் அந்த விசிட்டுக்குக் காசு உண்டா? ஸ்டாக் இல்லாத ரேக்குக்கு ரிஜெக்ட் பண்ணுவீங்களா? பெட்ரோல் யாருடையது? பணம் எந்தத் தேதி வரும்? கடைசிக் கேள்விக்கு "கிளையன்ட் அப்ரூவல் வந்ததும்" என்று பதில் வந்தால், அது தேதி இல்லை. எனக்கு முதல் பணம் வர 45 நாள் ஆனது. உள்ளே நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம், இன்சார்ஜ் வருவதற்குக் காத்திருந்த நேரம் எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் நீங்களே போட்டு வையுங்க. ரேக் காலியாக இருந்தால் போட்டோ அனுப்பும்போதே "சிஸ்டம் ஸ்டாக் 14, ரேக்கில் 0, இன்சார்ஜிடம் சொல்லியாச்சு" என்று அதே நிமிஷம் குரூப்பில் போடுங்க. இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு எனக்கு ரிஜெக்ட் ஆனது இரண்டே விசிட்.

இன்னொரு விஷயம், வரி. ஏஜென்சி பணம் போடும்போது டிடிஎஸ் பிடித்திருக்கலாம். ஒப்பந்தப் பணி என்று காட்டினால் 1 சதவீதம், தொழில்முறை சேவை என்று காட்டினால் 10, பான் எண் கொடுக்காமல் விட்டால் 20. நமக்கு வருமான வரி கட்டும் அளவுக்கெல்லாம் வருமானம் கிடையாது, அதனால் ரிட்டர்ன் தாக்கல் பண்ணினால் பிடித்தது திரும்ப வரும். பிடித்தார்களா, பிடித்ததை அரசுக்குக் கட்டினார்களா என்று வருமான வரித் தளத்தில் உங்க பான் எண்ணில் உள்ளே போனால் தெரியும். அக்காவுக்கு ஆறு வருஷத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் அரியமங்கலத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவங்க போனிலேயே லாகின் பண்ணிப் பார்த்தோம். மூன்று ஏஜென்சியில் இரண்டு பிடித்திருந்தது. ஒன்று கட்டியிருந்தது. இன்னொன்றிடம் எப்படிக் கேட்பது என்று அக்கா என்னைக் கேட்டார்கள். அந்த ஏஜென்சியின் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கும்போதே பழைய குரூப்பில் ஒரு மெசேஜ். "நாளை ஸ்ரீரங்கம் 3 ஸ்டோர், ஒரு ஆள் அர்ஜென்ட்." காத்திருக்கும் நேரத்துக்குக் காசு உண்டா என்று கேட்டேன். நீலக் குறி விழுந்து இரண்டு மணி நேரம் ஆகிறது.