பத்துக் குதிரைகள், ஆறு தொன் லத்தி

வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ லத்தி போடும். பத்துக் குதிரைகள் நிற்கும் சவாரிப் பள்ளியில் இது மாதத்துக்கு 6 தொன். மூத்திரத்தில் ஊறிய மரத்தூளும் வைக்கோலும் இந்தக் கணக்கில் சேரவில்லை. காணி விலை ஏறிப்போன கொழும்பைச் சுற்றி லாயம் வைத்திருப்பவருக்குக் காலையில் எழுந்ததும் முதல் தலையிடி இதுதான்.

கொழும்புக்குக் குதிரை புதிதல்ல. காலிமுகத் திடல் பக்கம் நடந்துவந்த பந்தயம் 1893இல் கறுவாத்தோட்டத்துக்கு மாறியது; 1956இல் நிறுத்தப்பட்டது. அந்த ரேஸ்கோர்ஸ் இப்போது ரக்பி மைதானம். பந்தயம் போனாலும் சவாரி போகவில்லை. பொலிஸ் குதிரைப் பிரிவு இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சவாரி பழக்கும் பள்ளிகள் இருக்கின்றன. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மத்தில்டா கார்ல்சன் இலங்கைக்காகக் குதிரையேறினார்.

குப்பை விஷயத்தில் இந்த நகரம் பட்டது போதும். புளூமெண்டால் குப்பை மேட்டின் நாற்றம் எப்படி இருந்தது என்று கொட்டாஞ்சேனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லையில் குப்பை மலை வீடுகளின் மேல் சரிந்து 32 பேர் இறந்தார்கள். நம் நாட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. 2021இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் தொடங்கப்பட்டது உண்மை. ஆனால் ஈரமான குப்பை எளிதில் எரியாது. லத்தியைக் குப்பை லொறியில் ஏற்றிவிடுவது எந்த வகையிலும் சரியான வழி அல்ல.

அதே 2021இல்தான் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. சேதனப் பசளைக்கு விவசாயிகள் அலைந்தார்கள். சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் தீங்கான பக்டீரியா இருப்பதாகச் சொல்லி இறக்கவிடவில்லை. நவம்பரில் தடை விலகியது. இறக்காத அந்தப் பசளைக்காக 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலர் கட்ட வேண்டியதாயிற்று. பசளையின் அருமையை இவ்வளவு விலை கொடுத்து அறிந்த நாட்டில் ஒரு கூடை லத்தியும் வீணாகக்கூடாது.

லத்தியைக் கூட்டெருவாக்குவது கடினமல்ல. சீமெந்துத் தளம், மேலே கூரை, மூன்று தடுப்புகள் போதும். ஒன்றில் புதிது கொட்டுவார்கள், அடுத்ததில் வேகவிடுவார்கள், மூன்றாவதில் ஆறவிடுவார்கள். குவியல் ஒவ்வொரு பக்கமும் ஒரு மீற்றராவது இருந்தால்தான் சூடு நிற்கும். உள்ளே 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாட்கள் நின்றால் புழு முட்டைகளும் களை விதைகளும் சாகும். அடிக்கடி புரட்டினால் இலையான் முட்டைகளும் அந்தச் சூட்டில் அகப்படும். இரண்டு மூன்று மாதத்தில் குவியல் பாதியாகச் சுருங்கி, மண் வாசனையோடு கறுத்த எருவாகும்.

கூரைதான் முக்கியம். கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. திறந்த குவியலில் பெய்யும் மழை, நைதரசனைக் கரைத்துக் கான் வழியாகக் கால்வாய்க்குக் கொண்டுபோகும். வெள்ளவத்தைக் கால்வாயில் விழுவது கடலுக்குப் போகும். கொழும்பு 2018இல் ராம்சார் சாசனத்தின் கீழ் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டது. அந்தப் பெயரைக் காப்பதில் லாயக்காரருக்கும் பங்குண்டு. கூரையில் விழும் மழை நீரைத் தாங்கியில் சேர்த்தும் பயன்படுத்தலாம். 100 சதுர மீற்றர் லாயக் கூரையில் ஆண்டு முழுதும் விழும் தண்ணீர் 2,40,000 லீற்றர். ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு குதிரை நாளுக்கு 25 முதல் 50 லீற்றர் குடிக்கும். வீணாவதும் தாங்கி நிறைந்து வழிவதும் போக, குளிப்பாட்டவும் மைதானத்துப் புழுதியை அடக்கவும் பெரும்பங்கு கிடைக்கும். தாங்கிக்கு நுளம்பு வலை கட்டாயம். 2017இல் மட்டும் நாட்டில் 1,86,000 பேருக்கு டெங்கு கண்டது.

படுக்கைக்கு மரத்தூளை விடத் தும்புத்தூள் எத்தனையோ மேல். தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சும். நம் நாட்டிலேயே கிடைக்கும்.

பலர் கவனிக்காதது புழு மருந்து. ஐவர்மெக்ரின் கொடுத்த குதிரையின் லத்தியில் அந்த மருந்து வெளிவந்து, லத்தியை மண்ணுக்குள் இழுக்கும் சாண வண்டுகளின் குடம்பிகளைக் கொல்கிறது. நாள் குறித்து எல்லாக் குதிரைக்கும் ஊற்றாமல், லத்தியைச் சோதித்து முட்டை எண்ணிக்கை கூடிய குதிரைக்கு மட்டும் கொடுப்பது நல்ல வழக்கம். மருந்துச் செலவும் மிஞ்சும்.

தீனியில் அவசரம் கூடாது. தெருவோரத்துக் கினிப்புல் இலவசம், வாகனத்தில் கொண்டுவர வேண்டிய தேவையும் குறைவு. ஆனால் அதிலும் நேப்பியர் போன்ற புற்களிலும் ஒக்சலேற்று உண்டு. அதையே தொடர்ந்து தின்னும் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து முக எலும்பு வீங்கும். மிருக வைத்தியரைக் கேட்டு, கல்சியம் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை அடுக்குமாடிகளில் கறிவேப்பிலையும் மிளகாயும் பூச்சாடியில் வளர்க்காத வீடு குறைவு. பிள்ளையைச் சவாரிக்குக் கூட்டிப்போகும் பெற்றோர் பள்ளிக்காரரிடம் கூட்டெரு போடுகிறீர்களா என்று கேளுங்கள். போடுகிறார்கள் என்றால் சாடிகளுக்கு ஒரு சாக்கு வாங்கி வாருங்கள். குதிரை லத்தியில் ஏற்புவலிக் கிருமி இருக்கலாம். கையில் காயமிருந்தால் கையுறை போட்டே தொடுங்கள். பள்ளியில் கூட்டெரு போடவில்லை என்றால், போடும்படி விடாமல் கேளுங்கள்.