முந்தானையை முறுக்கும் விரல்கள்!

2004 டிசம்பர் 26. சுனாமி வந்து தரங்கம்பாடி மீனவர் தெருக்களைச் சுருட்டிக்கொண்டு போனது. அதன் பிறகு நம் கடற்கரை ஊர்களில் 'தலை கனக்குது, நெஞ்சை அடைக்குது, ராத்தூக்கம் இல்லை' என்று வந்தவர்கள் ஏராளம். சோதித்தால் உடம்பில் கோளாறு இருக்காது. உள்ளே வேறொன்று இருக்கும். 'புள்ளை கையை நான்தானே விட்டுட்டேன்!' பிழைத்த பெற்றோர் பலரை அரித்த ரகசியம் இது. புருஷனிடம்கூடச் சொல்லாதது!

இப்படி ஒன்றைச் சொல்ல வருகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? வாய் திறக்கும் முன்பே விரல்கள் முந்தானையை முறுக்கும். தோள் கூனும். பார்வை தரைக்குப் போகும். எச்சில் விழுங்குவார், தண்ணீர் கேட்பார். நடிப்பல்ல, அட்ரினலின் செய்கிற வேலை! இதயம் வேகமெடுக்கிறது, நாக்கு வறள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, கழுத்துத் தசை இறுகுகிறது. சொல்லி முடித்ததும் நீளமாக ஒரு பெருமூச்சு. தோள் தானாக இறங்கும். சிலருக்குக் கை நடுங்கும். பயப்பட வேண்டாம், இறுக்கம் தளர்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1987-ல் இதை அளந்தே பார்த்தார். மனதைத் திறந்து பேசியவர்களுக்கு, அந்தக் கசப்பான விஷயத்தைச் சொல்லும்போதே உள்ளங்கை வியர்வை குறைந்தது. 1986-ல் அவர் மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிஷம் எழுத வைத்தார். எழுதி முடித்த கையோடு மனபாரமும் ரத்த அழுத்தமும் கூடத்தான் செய்தன. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் டாக்டரிடம் போவது குறைந்தது. ஆக, சொன்ன அன்றே லேசாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று. கை பிசைவதைப் பார்த்து 'பொய் சொல்றா' என்று முடிவு கட்டுவது நம் வீடுகளில் சகஜம். தப்பு! வெட்கம், பயம், பொய் மூன்றுக்கும் உடம்பு ஒரே மாதிரிதான் நெளியும். நெஞ்சடைப்பையும் 'மனக்கவலை' என்று நீங்களே தள்ளிவிடாதீர்கள். முதலில் டாக்டர் பார்க்கட்டும்.

'சொல்லு, சொல்லு' என்று தோண்டவும் கூடாது. நேருக்கு நேர் உட்கார்ந்தால் பலருக்கு வாய் வராது. பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆயும்போதோ, கடற்கரையில் சேர்ந்து நடக்கும்போதோ தானாக வரும். வரும்போது குறுக்கே பேசாதீர்கள். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாதவர்களுக்கு, அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி 14416 இருக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.