வீடு மகளுக்கு, பத்திரம் மகனுக்கு

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் தமிழரிடையேயும், காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்களிடையேயும், மகளுக்கு விவாகம் பேசுமுன்னரே வீடொன்று கட்டிச் சீதனமாக எழுதி வைப்பதும், மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து குடியேறுவதும் தலைமுறை தலைமுறையாக நிலைத்த சம்பிரதாயம். ஆயினும் இவ்வளவு பாத்தியதை பெற்ற பெண்ணை அரசாங்கத்தின் ஏடு நெடுங்காலம் பின்வரிசையிலேயே நிறுத்தியது.

பழைமை முழுவதும் பெண்ணுக்குச் சாதகமாயிருந்ததென்றும் சொல்வதற்கில்லை. மட்டக்களப்பின் பழைய வழக்காறான முக்குவர் சட்டத்தில் முதுசம் தாய்மாமனிடமிருந்து சகோதரியின் ஆண்மக்களுக்கே சென்றது. குடி எனும் குலம் தாய்வழியே வந்தபோதிலும், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தில் அதன் பெயரால் நிற்கும் நிர்வாகிகளான வண்ணக்கர் ஆடவரே. அச்சட்டத்தை 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நீக்கி, பொதுச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு அளித்தது.

அரச காணியின் கதை வேறு. காணிக் கச்சேரியில் அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவர் பின்னுரித்தாளரை நியமியாமல் இறந்தால், மனைவிக்குப் பிறகு மகன், அவனுக்குப் பின்னரே மகள். பேரனுக்குப் பின்னரே பேத்தி. தந்தைக்குப் பின்னரே தாய் என்று 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்து மூன்றாம் அட்டவணை வரிசைப்படுத்தியது. விவாகமானபின் மனைவி வீட்டுக்குப் போய்விடும் மூத்த மகனுக்குக் காணி உரித்தாக, பெற்றோரைப் பேணி அதே வளவில் வாழும் மகள் உரிமையற்று நின்ற அநீதி இவ்வாறே நேர்ந்தது. இப்பாகுபாட்டை அகற்றிய திருத்தம் 2022இல்தான் வந்தது.

2004 டிசெம்பர் 26இன் கடற்கோள் சீதன வீடுகளை வாரிச் சென்றபின், புதிய வீடுகள் பல குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவன்மாருக்கே பதிவாயின. தாயும் பாட்டியும் தந்த வளவை இழந்தவள் மனைவி. உரித்துப் பெற்றவன் கணவன். மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புக்கள் கூட்டுரிமை கோரி வாதாடியது முற்றிலும் நியாயமே.

இத்தகைய பாகுபாடான சட்டங்கள் இத்தனை காலம் பிழைத்திருந்ததற்குக் காரணம் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே உண்டு. பன்னிரண்டாம் உறுப்புரை ஆண் பெண் சமத்துவத்தை வாக்களிக்க, பதினாறாம் உறுப்புரையோ, அதற்கு முரணாயினும் பழைய சட்டங்கள் யாவும் செல்லுபடியாகும் என்கிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்துக்கும் அதுவே அரண்: அச்சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கேட்பதில்லை, காதி நீதிபதியாகப் பெண்ணை ஏற்பதுமில்லை. வீட்டின் உறுதியில் பெயருள்ள பெண், தன் விவாகப் பதிவில் ஒப்பமிட இடமின்றி நிற்கிறாள். பதினாறாம் உறுப்புரையை நீக்காமல் ஒவ்வொரு சட்டமாகத் திருத்திக்கொண்டிருப்பது, 1935க்கும் 2022க்கும் இடையிற் சென்ற 87 ஆண்டுகளை இன்னொரு தலைமுறைப் பெண்களிடமும் கேட்பதாகும்.